ரிலீவர் வராத காடு

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து ஒரு காட்டுக்குள் போய்விடுவோம். மூக்கண்டப்பள்ளியில் இரண்டு அறை வாடகை வீடு. அதற்குள் காடு எப்படி என்று கேட்காதீர்கள். கதையை நான் நடத்துவேன். மற்ற மூவரும் அதற்குள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் வில்லாளியாகவும் நடமாடுவார்கள். வெட்டு விழுமா, விழாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

மந்திரவாதி என் வீட்டுக்காரர். வீரனும் வில்லாளியும் என் கம்பெனியில் மெஷின் ஓட்டும் பையன்கள். நான் அங்கே குவாலிட்டியில் இருக்கிறேன். மயிரிழை கூடினாலும் பீஸைத் திருப்பி அனுப்புகிறவள் என்று பெயர் எடுத்தவள். விளையாட்டிலும் அக்கா அப்படித்தான் என்று புலம்புவார்கள். புலம்பட்டும்.

இந்த விளையாட்டில் காயம் ஆற ஓய்வுதான் மருந்து. சின்ன ஓய்வில் கொஞ்சம் தெம்பு வரும். அதற்கு இவர்கள் வைத்த பெயர் டீ பிரேக். ராத்திரி முழுக்கத் தூங்கினால் அடிபட்டுக் குறைந்த உயிர்ப்புள்ளிகள் மொத்தமும் திரும்பும், மந்திரவாதிக்கு மந்திரமும் சேர்ந்து வரும். இது தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு எலியை அடித்தாலும் உடனே படுக்கையைப் போட்டுவிடுவார். உழவர் சந்தைக்குப் போய்வந்த களைப்புக்கே படுக்கிற மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்கோ எரிச்சல். ஒரு விதி போட்டேன். காட்டில் படுத்தால் யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும். காவல்காரரே தன் கையால் பகடை உருட்ட வேண்டும். எண் குறைந்தால் ஓநாய் வருவது தெரியாது, தூங்குகிறவர்கள் தொலைந்தார்கள். சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கியதென்றால் தெருவே விழித்திருக்கும் ஊர் இது. காட்டில் எல்லாரும் சேர்ந்து குறட்டை விட நான் எப்படிச் சம்மதிப்பேன்?

அவர்கள் அதை ஷிப்டாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் ஷிப்ட் மந்திரவாதி, இரண்டாவது வீரன், மூன்றாவது வில்லாளி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு ஞாயிறு வில்லாளி வரவில்லை. ஆள் வராவிட்டால் அவனுடைய பாத்திரம் சும்மா ஓரமாக நிற்கும், எதுவும் செய்யாது. வீரனின் காவல் முடிந்தது. "சரி, போய்ப் படு" என்றேன்.

"எப்படிங்க்கா படுக்கிறது? ரிலீவர் வரலையே."

மாற்று ஆள் வந்து நிற்காமல் மெஷினை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் கம்பெனிப் பழக்கம். வரவில்லையென்றால் நின்றவனே அடுத்த ஷிப்டும் நிற்க வேண்டும். அதைக் காட்டுக்குள்ளும் கொண்டுவந்து வைத்தான் மகராசன்.

"மந்திரவாதியை எழுப்பேன்டா" என்றேன்.

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் பார்த்த ஆளுங்க்கா அவரு. பாவம்."

பாவப்பட்டவர் அதற்குள் நிஜமாகவே தலையணையில் சாய்ந்திருந்தார். விடிய விடிய நின்ற வீரனுக்குக் காயம் ஆறவில்லை. கதையில் மறுநாள் பெரிய சண்டை. முடிந்தபோது அவனுக்கு மிச்சம் மூன்று உயிர்ப்புள்ளி. இன்னொரு அடி விழுந்தால் செத்தான்.

இந்த வீரனை அவன் இரண்டு வருஷமாக வளர்க்கிறான். நாகரசம்பட்டியில் மாந்தோப்புள்ள வீட்டுப் பையன். தோப்புக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டால் ஆயிரம் சாக்குச் சொல்வான். ஆனால் வீரனின் வாளுறையை வரைவதற்கென்று கலர் பென்சில் டப்பா வாங்கியவன். வீரன் செத்தால் இவன் இனி விளையாட வர மாட்டான் என்று எனக்குத் தெரியும். வாரம் முழுக்க அந்தக் கவலை என்னை உள்ளுக்குள் அரித்தது. விதியைத் தளர்த்தவும் மனம் இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் காட்டில் படுக்கை. இந்த முறை வில்லாளி வந்தான், யூனிஃபார்மோடு, கண்ணெல்லாம் சிவந்து. கம்பெனியில் அவனுக்கு ரிலீவர் வரவில்லையாம். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

வீரன் முறையாகச் சார்ஜ் ஒப்படைத்தான். "வடக்கே ஓநாய்ச் சத்தம் கேக்குது. தீ கொஞ்சம் மங்குது. விறகு மரத்தடியில இருக்குது. பாத்துக்கோ."

"ஆயித்துப்பா, சரி, நீ போய்ப் படு" என்று தன் வீட்டுக் கன்னடத்தைக் கலந்து சொன்னான் வில்லாளி. பகடையைக் கையில் எடுத்தான். அப்படியே பீரோவில் சாய்ந்து தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது.

காவல்காரன் பகடை உருட்டாவிட்டால் ஓநாய் வரும். விதி என்னுடையது. வீரன் என்னைப் பார்த்தான். தூங்குகிறவனைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "எழுப்பாதீங்க்கா. நானே எந்திரிச்சி நிக்கிறேன்."

"மூணு புள்ளியில நின்னா காலையில செத்துருவடா."

"பரவால்லங்க்கா. தூங்கட்டும் விடுங்க."

அந்த நேரம் தூங்குகிறவனின் விரல் தளர்ந்து, பகடை நழுவி உருண்டு பீரோவுக்கு அடியில் போய் நின்றது. அவன் கையிலிருந்து விழுந்ததுதானே? விதிப்படி செல்லும். நான் தரையில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தேன்.

விழுந்திருந்தது இரண்டு.

"பதினேழு" என்றேன்.

என் வீட்டுக்காரர் நம்பாமல் தானும் படுத்து எட்டிப் பார்த்தார். என் வாயிலிருந்து வந்த எதையும் கல்யாணமான நாளிலிருந்து மறுக்காமல் விட்டதில்லை அவர். எழுந்து உட்கார்ந்து, "பதினேழுதான்" என்றார்.

வீரன் தன் காகிதத்தில் மூன்றை அழித்துவிட்டு முழுப் புள்ளியையும் எழுதினான். எழுந்து போய், தூங்குகிறவன் பக்கமாக டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். அதற்கப்புறம் நாங்கள் மூவரும் குரலைத் தாழ்த்தியே விளையாடினோம்.

டீ போடும் நேரத்துக்கு வில்லாளி திடுக்கிட்டு விழித்தான். "ஐயோ, ஓநாய் வந்துச்சா?"

"வரலடா" என்றான் வீரன். "அதான் நீ இருந்தியே."