முதலாளி ஏறினால் மட்டும் வந்த வாசனை

ஒரு காரில் ரப்பர் கருகும் வாசனைக்குக் காரணம் தேடிப் பத்து நாள் அலைந்தேன். தேடி அலுத்தபோதெல்லாம் நான் உட்கார்ந்து இளைப்பாறியது அந்தக் காரணத்தின் மேலேயேதான். இப்போது தொழில் பழகும் பிள்ளைகள் என்னைப் பெரிய மேஸ்திரி என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. அவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், டயருக்கு பெர்மிட். தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியின் கார் என் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் காதர் பாய். பன்னிரண்டு வருஷமாக அதே வண்டி, அதே முதலாளி. பின்னாலேயே முதலாளியும் நடந்து வந்துவிட்டார்.

"ரப்பர் கருகுது மேஸ்திரி. இவன் பிரேக்குலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டறான். இந்தக் காலத்துல ஒரு டயர் போனா எவன் குடுப்பான்?"

காதர் பாய் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நான் தனியா ஓட்டுனா வாசனை வர்றதில்லீங்க மேஸ்திரி. முதலாளி ஏறுனாத்தான் வருது."

"அப்ப நாந்தான் நாறுறேங்கறியா?"

நான் சிரித்துவிட்டேன். "காருக்கு ஆள் அடையாளமா தெரியும், பாய்?" என்று வேறு கேட்டேன். நோய் எங்கே என்று அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் அதைத் தமாஷாக்கி அனுப்பிவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என்னிடம் அப்போது ஒரு இங்கிலீஷ் மோட்டார் புத்தகம் இருந்தது. ஊரில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பும் இருந்தது. புத்தகம் சொன்ன வரிசையில் போனேன். ஃபேன் பெல்ட் நழுவுகிறதா? இல்லை. ரேடியேட்டர் ஹோஸ் சூட்டில் உரசுகிறதா? இல்லை. வயரிங்கில் உறை உருகியிருக்கிறதா? ஒரு கம்பிகூட கறுக்கவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் மத்தியான சோற்றைவிட ஆறிப்போயிருந்தது. முன்சீட்டுக்கு அடியில் மட்டும் பார்க்கவில்லை. அங்கே எரிவதற்கு ரப்பரே கிடையாது என்று புத்தகத்தின் படம் சொன்னது.

மூன்று முறை பிரித்தேன், மூன்று முறை பூட்டினேன். வாசனை போகவில்லை. பட்டறைக்காரனுக்குக் கோளாறு பிடிபடாவிட்டால் கையில் எப்போதும் ஒரு பதில் இருக்கும்: ஓட்டுகிறவன் சரியில்லை. இந்தத் தொழிலில் இதைவிடக் கேவலமான பழக்கம் கிடையாது. நானும் அதைத்தான் செய்தேன். முதலாளியிடம், "டிரைவர் ஃபால்ட்டாவும் இருக்கலாமுங்க" என்றேன்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். நாளைக்கு பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போயிட்டு வந்ததும் சாவியை வாங்கிடறேன்."

காதர் பாய் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நாளைக்கு ஒரு தடவை கூட வாங்க மேஸ்திரி. கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முதலாளி முன்னால் ஏறினார். காரில் சாமி படம் உண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் பூ உண்டு. அதனால் வீட்டுக்குள் நுழைவது போல, உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் குதிகாலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார். இண்டூர் தாண்டியதும் வாசனை எழுந்தது. காதர் பாயின் காலைப் பார்த்தேன். பிரேக் பக்கமே போகவில்லை.

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டான்!" என்றார் முதலாளி.

சந்தையில் இறங்கிச் செருப்பை மாட்டியவர், "ஆத்தா!" என்று ஒரு துள்ளு துள்ளினார். "என்ன சூடு! செருப்பு தச்சவன் ஏமாத்திட்டான். தேயறதும் சீக்கிரம் தேயுது."

ஒரு செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பழைய லாரி டயரில் வெட்டிய செருப்பு. தோலெல்லாம் யுத்தத்துக்குப் போனபின் பணக்காரர்களும் அதைத்தான் போட்டார்கள். அடியில், சைலன்சர் பைப்பின் வளைவு அச்சு வார்த்தது போலப் பதிந்திருந்தது.

சீட்டைத் தூக்கினேன். அடியில் தரைப்பலகை இல்லை. ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் கொதிக்கிற பைப். அதன்மேல் மற்றொரு தடவை செருப்பு விழ இடம் தயாராக இருந்தது.

"பலகை எங்கய்யா? அதையும் இவந்தான் தொலைச்சானா?" முதலாளி காதர் பாய் மேல் பாய்ந்தார்.

பலகை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் இதே கார் பட்டறைக்கு வந்தபோது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற அதைக் கழற்றினேன். திரும்பப் போடவில்லை. பட்டறையில் ரெண்டு செங்கல் வைத்து, மேலே அந்தப் பலகையைப் போட்டு, மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். 'டிரைவர் ஃபால்ட்' என்று தீர்ப்புச் சொன்னதும் அதன்மேல் உட்கார்ந்துதான்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரு நிமிஷம் மூடிக்கொண்டும் இருந்தேன். காதர் பாய் சாவியை எடுத்து முதலாளியிடம் நீட்டினார். அப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது.

"நான் எடுத்ததுங்க. அவர் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

முதலாளி சாவியை வாங்கவில்லை. மன்னிப்பாவது கேட்டாரா? பன்னிரண்டு வருஷம் ஓட்டினவரைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: "செருப்பை எங்க வைக்கிறேன்னு நீ பாத்துச் சொல்லிருக்கணுமில்ல?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

வாசனை என்று ஒரு வண்டி வந்தால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். எப்போது வருகிறது, யார் ஏறினால் வருகிறது என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். அவர் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். உங்கள் கை கடைசியாகப் பட்ட இடத்தை முதலில் பாருங்கள். இவ்வளவையும் நான் மறுநாளே காதர் பாயிடம் உருக்கமாகச் சொன்னேன். பலகையைப் பூட்டி, நாலு திருகாணியையும் முறுக்கிக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பட்டறை மூலையில் வெறுமனே கிடந்த ரெண்டு செங்கல்லையும் பார்த்தார்.

"அதெல்லாம் சரிங்க மேஸ்திரி. இனிமே உக்கார்றதுக்கு எந்தக் காரைப் பாத்து வச்சிருக்கீங்க?"