ஆயுத பூஜைக்கு ஹப்பை நிறுத்தினேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாக யோசித்திருக்கிறேன். இரண்டு முறை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அப்படியே மூடி வைத்துவிட்டேன். நான் படித்தது ஐடிஐ. பெரிய படிப்புக்காரர்கள் கூடி எழுதுகிற ஸ்டாண்டர்டைப் பற்றி நான் என்ன எழுதுவது என்று ஒரு கூச்சம். என் தப்பை நானே வெளியில் சொல்ல வேண்டுமே என்று ஒரு பயம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று வீட்டுக்காரி அமுதா சொல்லிச் சொல்லித்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அண்ணாமலையார் துணை இருக்கட்டும்.

1. மலையில் எனக்கு என்ன வேலை

போளூரில் டிவி, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்கு ஜவ்வாது மலையில் ஃபீல்டு டெக்னீசியன் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, போய்ச் சேர்ந்தேன்.

வேலையைப் புரியும்படி சொல்கிறேன். வீட்டில் இருக்கும் வைஃபை உயர்ந்த அலைவரிசையில் ஓடுகிறது. வேகம் அதிகம், ஆனால் நாலு மரம் குறுக்கே வந்தால் படுத்துவிடும். அதைவிடக் கீழே, 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், லைசென்ஸ் வாங்காமல் யாரும் உபயோகிக்கலாம் என்று அரசாங்கம் விட்டிருக்கிற ஒரு பேண்டு, அதாவது அலைவரிசைப் பட்டை, உண்டு. வேகம் குறைவு. ஆனால் மரத்தைத் தாண்டிப் போகும், சின்ன பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓடும். யாரும் உபயோகிக்கலாம் என்றால் யார் எப்போது பேசுவது என்று ஒரு கட்டுப்பாடு வேண்டும் இல்லையா? அதை எழுதி வைப்பதுதான் ஸ்டாண்டர்டு. அதற்கென்று இருக்கும் கமிட்டி எழுதுகிற டிராஃப்ட், அதாவது வரைவு, மலையில் நிற்குமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் குழுவின் பொறுப்பு.

பஞ்சாயத்துக் கட்டடத்து மாடியில் ஹப் என்கிற தலைமைப் பெட்டியை சோலாரோடு வைத்தோம். அதோடு பேசும் சின்னப் பெட்டிகளுக்கு நோடு என்று பெயர். மழை அளவு, மண் ஈரம், தண்ணீர் டேங்கு மட்டம் இதையெல்லாம் அளந்து அனுப்பும். மொத்தம் நாற்பத்தெட்டு நோடு. சாமைக் கொல்லை, புளியமரம், டேங்கு என்று ஒரு நாளைக்கு மூன்று நாலாக நானே நடந்து போய்க் கட்டினேன். ஸ்விட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தால் ஹப்பில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அத்தனையும் எரிந்தது.

பதினேழாம் நம்பர் நோடு சடையன் என்கிற விவசாயியின் புளியமரத்தில் இருந்தது. வாய் ஓயாத மனுஷன்.

"இன்னாங்க ஏழுமல, இந்தப் பொட்டி பேசுது பேசுதுன்றீங்க. ஒரு வார்த்த என் காதுல வுழலியே?"

"அது ஹப்போட மட்டுந்தான் பேசும்ங்க."

"அப்பிடின்னா என் பொண்டாட்டி மாதிரி. வூட்ல நான் கேட்டா பதிலு இருக்காது. அம்மா வூட்டுக்குப் போனு போட்டா நிறுத்த மாட்டா."

2. பூஜையும் பொய்யும்

நாலு மாசம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆயுத பூஜை வந்தது.

என் கடையில் அன்றைக்கு சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிடுவேன். மறுநாள் கற்பூரம் காட்டித்தான் கையில் எடுப்பேன். வருஷம் முழுக்க உழைக்கிற கருவிக்கு ஒரு நாள் ஓய்வு. ஹப்பும் எனக்குச் சோறு போடுகிற கருவிதானே என்று நினைத்தேன். அதை மட்டும் ஓட விட்டுப் பூஜை போட எனக்கு மனசு வரவில்லை. சோலார் ஒயரையும் பேட்டரி ஒயரையும் கழற்றி, துடைத்து, பொட்டும் பூவும் வைத்து, பொரி கடலை படைத்து, சடையனுக்கும் ஒரு பிடி கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஒயரை மாட்டினேன்.

ஹப் எழுந்தது. பக்கத்தில் இருந்த ஆறு நோடு வந்தது. மீதி நாற்பத்திரண்டு வரவில்லை.

வானம் அப்போது வெளுப்பாகத்தான் இருந்தது. நாலு மணிக்குத்தான் மழை பிடித்தது. இந்த வரியை ஞாபகத்தில் வையுங்கள். எனக்கு அது மறக்கவே இல்லை.

சென்னைக்கு அனுப்பும் தினசரி ரிப்போர்ட்டில் டேட்டா இல்லாத அந்த ஒரு நாளுக்கு 'டவர் இல்லை' என்று எழுதினேன். ஹப் அன்றன்றைய டேட்டாவை ராத்திரியில் மொத்தமாக மொபைல் டவர் வழியாகத்தான் சென்னைக்கு அனுப்பும்; மலையில் டவர் அடிக்கடி போகும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டே வார்த்தைதான்.

அன்று ராத்திரி எங்கள் புராஜெக்ட் இன்ஜினியர் கற்பகம் மேடம் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"ஏழுமலை, ஆறு நோடுதான் தெரியுது. அங்க மழையா?"

"ஆமாங்க மேடம், செம மழை."

"அப்ப ஈர இலைதான். இலையில தண்ணி நின்னா சிக்னலை உறிஞ்சிடும். இருக்கட்டும், பார்ப்போம்."

பன்னிரண்டு மணிக்கே நோடு வரவில்லை மேடம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஹப்பை ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார். ஒப்பந்த வேலை. "ஆமாங்க" என்றேன்.

மழையில் நனைந்துகொண்டு போய்ப் பதினேழாம் நம்பரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பச்சை எரியவில்லை. சடையன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"பூ வெச்சி கும்பிட்ட பொட்டி படுத்துக்கிச்சி. ஒரு நாளும் கும்பிடாத என் டார்ச்சு லைட்டு எரியுது பாருங்க!"

சிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு மேடம் மறுபடி பேசினார். கமிட்டி கூடப் போகிறது. 'மழைக்கால மலைக்காட்டில் இந்த பேண்டு தாங்கவில்லை, கொஞ்ச தூரத்துக்கு ஒரு கம்பம் நட்டு சிக்னலைக் கடத்த வேண்டும்' என்று டிராஃப்டில் சேர்க்கச் சொல்லப் போகிறார்கள். மலையில் சோதனையை முடித்துப் பெட்டிகளைக் கழற்ற அவரே வருகிறார்.

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வரிசையாகக் கம்பம் நட யார் வருவார்கள்? அந்த வரி ஏறிவிட்டால் எந்த மலைக்கும் இந்தப் பெட்டி போகாது. அது தப்பு என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

போளூர் வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் விளக்கேற்றும்போது அமுதா கேட்டாள்.

"இன்னா, கற்பூரம் காட்டறீங்க, சாமி மூஞ்ச பாக்க மாட்டேன்றீங்க?"

சொல்லிவிட்டேன். "வேல போயிடும் அமுதா."

"போனா கட இருக்குது. ஊர்ல டிவி கெட்டுப் போறது நின்னுடுச்சா இன்னா? பொய்ய வாயில வெச்சிகினு பதிகம் பாடாதீங்க."

3. மாடியில்

ஒன்பதாம் நாள் மேடம் ஜீப்பில் வந்தார். பஞ்சாயத்து மாடியில், ஹப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். பூஜை, ஒயர், பன்னிரண்டு மணி, நாலு மணி மழை, டவர் பொய், எல்லாம்.

அவர் லேப்டாப் பையைக் கீழே வைத்தார்.

"ஒன்பது நாளா ஏன் சொல்லல?"

"வேல போயிடும்னு பயம் மேடம்."

"போகத்தான் வேணும். நாளைக்கு நான் கமிட்டிக்கு அனுப்பியிருப்பேன், தெரியுமா?"

அவர் லேப்டாப்பை ஹப்பில் மாட்டினார். ஹப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'நான் இருக்கிறேன்' என்று ஒரு அறிவிப்பு விடும். அறிவிப்பு போனது. அடுத்த நொடியே திரையில் பெரிய மேடு மாதிரி ஒன்று எழும்பி அடங்கியது. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி அதே மேடு.

"ஏழுமலை, சிக்னல் வராம இல்ல. நாப்பத்திரண்டும் அந்த அறிவிப்பைக் கேட்ட உடனே ஒரே நேரத்துல 'என்னைச் சேர்த்துக்கோ'ன்னு கத்துது. கிட்ட இருக்கிற ஆறு மட்டும் சத்தமா கேட்டிருக்கு. நீங்க மொதல்ல ஒவ்வொண்ணா கட்டினதால இது யாருக்கும் தெரியல."

பதினேழை அணைத்துப் போட்டும் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அதுவும் போய் அதே கூச்சலில் கலந்திருக்கிறது.

உறுதி செய்ய வேண்டும் என்றார். அன்றைக்கும் மறுநாளும் நானும் அவரும் ஜீப் போகாத இடமெல்லாம் நடந்தோம். முதலில் வராத நோடு அத்தனையும் அணைத்தோம். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தோம். மரத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஈர இலைக்கு நடுவில் ஒவ்வொரு பச்சை விளக்காக எரிந்தது. சடையன் மரத்தில் எரிந்தபோது மேடமே கை தட்டிவிட்டார்.

"இந்தம்மா வந்தாத்தான் எரியுமா? உங்களுக்குச் சம்பளம் எதுக்குங்க?" என்றார் சடையன்.

ஹப் நின்று எழுந்தால், ஒவ்வொரு நோடும் தனக்கென்று ஒரு இடைவெளியைக் குலுக்கிப் போட்டது போல எடுத்து, அவ்வளவு நேரம் காத்திருந்து கேட்க வேண்டும். டிராஃப்டில் இல்லாமல் இருந்த விதி அதுதான். கம்பம் பற்றிய வரி போய், இது ஏறியது.

அனுப்புவதற்கு முன்னால் மேடம் கேட்டார். "ஹப் ஏன் நின்னதுன்னு ரிப்போர்ட்ல எழுதணும். என்ன எழுதட்டும்?"

"நடந்தத எழுதுங்க மேடம்."

எழுதினார், டவர் பொய்யையும் சேர்த்து. கமிட்டியில் ஒரு பெரியவர், "நாம எல்லாரும் ஓட விட்டே பார்த்தோம், நிறுத்தி யாருமே பார்க்கல" என்று சொன்னாராம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. அடுத்த வருஷம் முதல் ஹப்பை ஓட விட்டே பொட்டு வைக்கிறேன். அண்ணாமலையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நிறைவாகத்தான் இருக்கிறேன்.

புதிதாக வருகிற தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கை பட்டதை அன்றைக்கே எழுதுங்கள், காரணம் வெட்கமாக இருந்தாலும் எழுதுங்கள். டேட்டாவில் நீங்கள் மறைக்கிற இடத்தில்தான் அடுத்தவர் தப்பான விதியைக் கட்டுவார்.

இன்னொன்று. இதைக் கேட்டவர்கள் சிலர், சாமிதான் என் கையால் ஹப்பை நிறுத்த வைத்து விதியைக் காட்டிக் கொடுத்தது என்று அழகாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சாமி மேல் எனக்கு உள்ள பக்திக்கு அது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லும்போது நான் வாய் மூடியிருந்த ஒன்பது நாள் காணாமல் போகிறது. நீங்கள் யாருக்காவது இதைச் சொன்னால், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், அந்த ஒன்பது நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள்.