ஒன்று விட்டு ஒன்று எடுத்த சவுக்கு

கான்கிரீட் இறுகும்வரை காத்திருந்து அளப்பது என் வேலை. எனக்கோ பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. இந்த அழகான பொருத்தத்தோடுதான் ரிடையர்மென்ட் வரை ஓட்டினேன்.

2006இல் சிதம்பரத்திலிருந்து லேப் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு தினமும் கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய்வந்தேன். சுனாமியில் வீடு போனவர்களுக்குப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கான்ட்ராக்டரிடம் இருந்தது ஒரே செட் சென்ட்ரிங் தகடும் சவுக்குக் கொம்புகளும். ஒரு வீட்டின் மேல்தளம் இறுகி, அடியில் முட்டுக் கொடுத்த சவுக்கைப் பிரித்தால்தான் அடுத்த வீட்டுக்குத் தளம் போட முடியும். ஐப்பசி மழை வேறு தொடங்கிவிட்டது.

எப்போது பிரிக்கலாம் என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இது கான்கிரீட்டை உடைக்காமல் பார்க்கிற டெஸ்ட். உத்திரத்தின் பக்கத் தகடுகளை மட்டும் சீக்கிரமே கழற்றிவிடுவார்கள். இரு பக்கமும் கிரீஸ் தடவி, மிஷினோடு வயரில் இணைந்த புரோப்பைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து ஒலியைச் செலுத்தினால், அது கடக்கும் நேரத்தை மிஷின் மைக்ரோசெகண்டில் காட்டும். கான்கிரீட் இறுக இறுக நேரம் குறையும். அதை வைத்து எலாஸ்டிக் மாடுலஸ், அதாவது பாரத்துக்கு எவ்வளவு வளையாமல் நிற்கும் என்பதைக் கணக்குப் போடுவோம்.

அப்போது தளம் போட்டு முட்டோடு நின்றது லட்சுமி வீடு. அதன் உத்திரத்தில் எண் நல்லபடியாகக் குறைந்துகொண்டே வந்தது. அடுத்துத் தளம் போட வேண்டியது அஞ்சலை வீடு. அஞ்சலை தினமும் என்னை மறிப்பாள்.

"இன்னிக்காவது பிரிக்கலாமா மேடம்? தார் ஷீட்டு கொட்டாயில புள்ளைங்க நனையுதுங்க."

"இன்னும் ரெண்டு மூணு நாள் போகட்டும்மா."

"கல்லு மாரி இருக்குது, தட்டிப் பாருங்க. அந்த மிஷினு பொய் சொல்லுது."

சொல்லிவிட்டு வருவேனே தவிர, பஸ்ஸில் மழையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளைத்தான் நினைப்பேன்.

ஒரு நாள் காலை போனால், லட்சுமி வீட்டில் பாதிச் சவுக்கைக் காணோம். அஞ்சலை வீட்டுத் தகடுகளுக்கு அடியில் நின்றிருந்தன.

லட்சுமியின் புருஷன் சாதாரணமாகச் சொன்னார். "நாங்கதான் குடுத்தோம் மேடம். படகைக் கரையில ஏத்துனா நாலு கட்டைல நிக்குது. இதுக்கு இவ்ளோ ஜாஸ்தி எதுக்கு? அதான் ஒண்ணு வுட்டு ஒண்ணு எடுத்தோம்."

எல்லாரையும் வெளியே விரட்டினேன். கொத்தனார் ஆட்களை மட்டும் வைத்துச் சவுக்குகளைத் திரும்ப நிறுத்தச் செய்து, உத்திரத்தின் நடுவில் நேற்று சாக்பீஸால் குறித்த அதே இடத்தில் புரோப்பை வைத்தேன். நேற்று அறுபத்தெட்டு. இன்று எழுபத்தைந்து. கிரீஸைத் துடைத்து மறுபடி தடவினேன். அதே எழுபத்தைந்து. ஓரங்களில் குறைந்திருந்தது, நடுவில் மட்டும் ஏறியிருந்தது. முட்டு போனதில் உள்ளே விரிசல், ஒலி அதைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என் காதருகே வந்தார். "மேடம், ஆபீஸுக்கு சொல்ல வேணாம். பூசிட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!" என்று கத்திவிட்டேன். கத்தல் வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது.

லட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தாள். "மேடம், இதுக்குக் கீழ நீங்க படுப்பீங்களா?"

"மாட்டேன் லட்சுமி. ஒடைச்சுட்டுத்தான் திரும்பப் போடணும்."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். லட்சுமிதான் அவளைத் தேற்றினாள்.

"அழுவாதக்கா. ஒடைக்கப் போற வூட்டுக்கு சவுக்கு எதுக்கு? எல்லாத்தையும் எடுத்துக்க. ஒன் வூடாவது மழை வலுக்கறதுக்குள்ள முடியட்டும்."

"நீ புள்ளைங்களோட அங்க வந்து படுக்கறதா இருந்தா எடுக்கறேன். இல்லன்னா ஒரு கொம்பும் வாணாம்" என்றாள் அஞ்சலை.

கொத்தனார் ஆட்கள் தளத்தை உடைத்து இறக்கிய பிறகுதான் சவுக்கை எடுக்க விட்டேன். பிறகு அஞ்சலை வீட்டுத் தளம் போட்டார்கள். எண் இறங்கி நின்றதும், இனி பிரிக்கலாம் என்று நானே ஓடிப்போய்ச் சொன்னேன். அஞ்சலை அசையவில்லை.

"இன்னும் ஒரு நாள் நிக்கட்டும் மேடம். ரெண்டு வூட்டு புள்ளைங்க படுக்கணும்."

அதிலிருந்து எந்த சைட்டுக்குப் போனாலும், இந்தக் கூரைக்குக் கீழே யார் படுக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்டேன். அளவை அவர்களிடம் சொன்ன பிறகுதான் கான்ட்ராக்டரிடம் சொன்னேன்.