முதல் அறுபத்தொரு படிகள்

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை நடந்தவை, வரிசைப்படி:

1. காலை பத்து மணிக்கு ஒரு பட்ஜெட்டை முடித்தேன்.

2. கூட்டுத்தொகை, நிதி தரும் நிறுவனம் சொன்ன வரம்புக்கு இருநூறு ரூபாய் கீழே வந்து நின்றது.

3. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

4. பிரிண்ட் எடுத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகை போனேன்.

5. பதினொன்றரை மணிக்கு, கனகம்மாசத்திரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா அதில் இரண்டு கட்டங்களின் மேல் விரலை வைத்தார்.

6. பட்ஜெட் முடியவில்லை என்று தெரிந்தது.

வார நாட்களில் நான் மென்பொருள் சோதிக்கிறவள். மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம். சனி, ஞாயிறில் தெரிந்த சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்கு, நிதி கேட்டு அனுப்பும் பட்ஜெட்டைப் போட்டுக் கொடுப்பேன். இதற்குச் சம்பளம் இல்லை. தப்பும் என்னுடையதே.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். சொன்னால் சிரிப்பீர்கள்... ஆனால் யோசித்துப் பாருங்கள், பட்ஜெட் என்பது என்ன? இன்னும் நடக்காத ஒரு வருஷம். ‘பயணம்’ என்று ஒரு வரி எழுதுகிறேன். கட்டத்துக்குள் ஒரு சாலை நீளத் தொடங்குகிறது – புளியமரம், டீக்கடை, ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்த ஐந்து பிள்ளைகள். ‘மின்சாரம்’ என்று எழுதினால் எங்கோ ஒரு ஃபேன் மெல்லச் சுற்றுகிறது. வராத நாட்களுக்குள் முதலில் நடந்துவிட்டுத் திரும்புகிறவள் நான்தான் என்று ஒரு நினைப்பு.

கே.ஜி.கண்டிகையில் இருப்பது ஒரே ஹால். தரையில் பாய்கள், நடுவில் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள். நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். பத்மா அக்காதான் பிசியோதெரபிஸ்ட், நிர்வாகி, பெருக்குகிறவர் எல்லாம். நான் போனபோது ரேவதி கம்பியை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. ஹால் முழுக்க எண்ணியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது... உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்து பதினேழு” என்றார் அவள் அம்மா சரளா. விசைத்தறியில் வேலை. நாள் முழுக்க மீட்டர் கணக்கு எழுதுகிறவர். அதனால்தானோ என்னவோ, மேசைமேல் நான் வைத்த தாளை எடுத்து, கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினார். தொகை இல்லாமல் கோடு மட்டும் போட்ட இடத்தில் விரல் நின்றது.

“இன்னா மேடம், ஆட்டோ வரியில ஏப்ரலுக்கு ஒரு கோடு, மே மாசத்துக்கு ஒரு கோடு?”

“அது... லீவுங்க.”

“யாருக்கு?”

நான் பத்மா அக்காவைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார்.

“போன வருஷமும் அப்டித்தான் ரெண்டு மாசம் ஆட்டோவ நிறுத்திட்டாங்க. ஜூன் மாசம் இட்டுகினு வந்தா முட்டிய நீட்டவே முடியல. அழுதுகினே நீட்டினா. ஆறு மாசம் ஆச்சு, பழையபடி நிக்கறதுக்கு. ஆங், லீவுன்னு அதுங்கிட்ட யாரும் சொல்லல போலக்கீது” என்று மகளின் முட்டியைத் தட்டினார்.

தப்பு எப்படி நுழைந்தது? எங்கள் வட்டாரத்தில் யாரும் பட்ஜெட்டைப் புதிதாகப் போடுவதில்லை. பழைய ஷீட்டைத் திறப்போம், பெயரை மாற்றுவோம், சேமிப்போம். இந்த ஷீட் எப்போதோ ஒரு மாலை நேர டியூஷன் திட்டத்துக்காகப் பிறந்தது. பள்ளிக்கூடம் மூடினால் டியூஷனும் மூடும். பத்து மாதம், இரண்டு கோடு. டியூஷன் போய்விட்டது, கோடு தங்கிவிட்டது. போன வருஷம் யாரோ பெயர் மாற்றினார்கள். இந்த வருஷம் நான்.

மறுநாள் காலை, பக்கத்துக் கோயில் மலை ஏறினேன். படிகள் முந்நூற்று அறுபத்தைந்து – நாளுக்கு ஒன்று என்பார்கள். கீழே முதல் படியில் நின்றபோது, விளையாட்டாக, இது ஏப்ரல் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். நிதியாண்டு அங்கேதானே தொடங்குகிறது? ஏப்ரல் முப்பது படி, மே முப்பத்தொன்று. அறுபத்தொன்று.

என் ஷீட்டின்படி இந்த அறுபத்தொரு படியும் இல்லை. பனி விலகாத மலையில் அப்படியே கண்ணில் தெரிந்தது – கீழ்ப்பகுதி உதிர்ந்து போய், ஜூன் ஒன்று உயரத்தில் தொங்குகிறது. அதன்கீழ் ரேவதி நின்று அண்ணாந்து பார்க்கிறாள். எத்தனை எண்ணினால் அங்கே எட்டும்?

டிசம்பர் கடைசியில் இங்கே படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு பாட்டு. கூட்டம் நெரிக்கும், கால் வலிக்கும். ஆனாலும் யாரும் ஒரு படியைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. நான் சிறு வயதிலிருந்து அந்தத் திருவிழாவுக்குப் போகிறவள்.

அன்று மதியமே பத்மா அக்கா, சரளா, நான் மூவரும் ஹாலில் திரும்ப உட்கார்ந்தோம். இரண்டு மாதத்தையும் சேர்த்தால் வரம்பு தாண்டியது. எதை எடுப்பது?

“தொடக்க விழா” என்றேன்.

“ஐயோ, நம்ம அறக்கட்டளைத் தலைவரு கோச்சிப்பாருங்க. சால்வை வேற இருக்குது அதுல” என்றார் பத்மா அக்கா.

“அந்தச் சால்வை எங்க பாவா ஆட்டோவுக்கு சீட் கவருக்காவது ஆவும்” என்றார் சரளா.

பாவா என்பது சரளாவின் அக்கா கணவர். பிள்ளைகளை ஏற்றி வருகிறவர். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர், “சால்வை வழுக்கும், வேணாம்” என்றார்.

விழா போயிற்று. பேனர் போயிற்று. சென்னை ஹோட்டலில் ஒருநாள் பயிலரங்கு என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு வரி இருந்தது, அதுவும். அப்படியும் ஆட்டோவுக்கு ஒன்பது நாள் காசு பற்றவில்லை.

“அந்த ஒம்போது நாளு நான் சும்மா ஓட்டிக்கிறேன். அத எழுதிகினு இருக்காதீங்க” என்றார் பாவா, துணியைப் பிழிந்தபடி.

எழுதினேன். எல்லா விண்ணப்பத்திலும் ‘உள்ளூர் பங்களிப்பு’ என்று ஒரு பகுதி உண்டு. வழக்கமாக அங்கே ‘ஊக்கமும் ஒத்துழைப்பும்’ என்று காற்றை நிரப்பி அனுப்புவோம். முதல் தடவையாக உண்மையான ஒன்று அங்கே போனது: ஆட்டோ, ஒன்பது நாள்.

இப்போதைய நிலவரம்: விண்ணப்பம் திங்கட்கிழமை போனது. பத்து நாளாகிறது, பதில் வரவில்லை. தலைவர் இன்னும் என்னோடு பேசவில்லை. ரேவதி இருபத்தாறு வரை நிற்கிறாள்.