சிரட்டையில் விழித்த தட்டாம்பயறு

ஆலவாயில் உறையும் அப்பனே, கயற்கண் அம்மையே, சிறு வித்துக்குள் இலையையும் பூவையும் மடித்து வைத்த உங்கள் கருணையை வணங்கி இதைத் தொடங்குகிறேன்.

அன்று விஜயதசமி. தொண்ணூறுகளின் பிற்பகுதி. கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மழலையர் பள்ளியில் புதிய குழந்தைகளைச் சேர்த்தார்கள். நெல்லில் அகரம் எழுதி முடித்த ஒரு சிறுமி, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்து அழுதாள்.

"தெனமும் இப்படித்தான் அழுவா டீச்சர். இந்த வருசம் வேணாம், கூட்டிட்டுப் போறேன்" என்றார் தாய்.

இளம் ஆசிரியை குழந்தையருகே வந்து அமர்ந்தார். ஒரு சிரட்டையில் மண் நிரப்பி, மூன்று தட்டாம்பயறுகளைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார். "இத உள்ள தூங்க வையி. முழிச்சதும் உன்னத்தான் தேடும். வருவியா?"

குழந்தை பயறுகளை மண்ணுக்குள் புதைத்துவிட்டுத் தலையசைத்தாள்.

வகுப்புகள் ஒரு வாரம் கழித்தே தொடங்கவிருந்ததால், ஊருக்குப் புறப்பட்ட ஆசிரியை சிரட்டையை என்னிடம் ஒப்படைத்தார். ஆண்டுதோறும் அம்மனுக்கு முளைப்பாரி வளர்த்த கை என்னுடையது. வெளிச்சமும் அயலார் பார்வையும் படாமல் இருட்டறையில் வைத்து, நீர் தெளித்து, பதிகம் பாடி வளர்ப்போம். பயிர் பொன்னிறமாய் நெடுநெடுவென எழும்; விழா முடிந்ததும் ஆற்றில் கரைத்துவிடுவோம். இதையும் அவ்வாறே பூசையறை மூலையில் கூடையால் மூடி வளர்த்தேன்.

பள்ளி திறந்த காலை பெருமையோடு கொண்டுசென்றேன். வெளிறிய மூன்று தண்டுகள் நூலாய் நீண்டு சாய்ந்து கிடந்தன. ஆசிரியை மெல்லச் சிரித்தார். "அம்மா, இது ஆத்துல கரைக்கிறதுக்கு இல்லம்மா. காய்க்கிறதுக்கு."

என் பிழை அப்போதுதான் உறைத்தது. வாசலில் அந்தச் சிறுமி தாயின் சேலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். செடி போனால் அவள் பள்ளிக்கு வருவதும் போய்விடும்.

"டீச்சர், செடிக்குக் காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல தங்கம், பசி. அது வெயிலத்தான் திங்கும். தெனமும் நீதான் வந்து ஊட்டணும்."

சிறுமி சிரட்டையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அதற்காகச் சேலையை விட்டதை அவள் அறியவில்லை. தாயும் நானும் மட்டும் பார்த்தோம்.

மூன்றாம் நாள் இலைகள் பச்சை கண்டன. பாத்தியில் நட்ட பின் கொடி ஓடியது, ஊதாப் பூ விரிந்தது, எறும்புகள் வந்தன, காய் தொங்கியது. சிறுமி ஒருநாளும் வரத் தவறவில்லை. இறைவனை வித்தென்றும் முளையென்றும் பாடும் பாடல்களைச் சிறுவயது முதல் ஓதியவள் நான். அவற்றின் பொருளை அந்தப் பாத்தியருகே, ஆசிரியையின் எளிய சொற்களில் கண்டேன்.

தை மாதம் கொடி காய்ந்தது.

"செத்துப் போச்சு" என்று சிறுமி உதட்டைப் பிதுக்கினாள்.

ஆசிரியை ஒரு நெற்றைப் பறித்துக் கொடுத்தார். "காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாரு."

உள்ளே கலகலத்தது. பிரித்தாள், அவள் தூங்க வைத்த அதே பயறுகள், வரிசையாய்.

மறுநாள் புதுச் சிரட்டையோடு என் வீட்டுக்கு வந்தாள். என் தவற்றை நானே அவளிடம் சொல்லியிருந்தேன். "பாட்டி, உங்களுக்கும் ஒண்ணு. ஆனா கூடை போட்டு மூடக் கூடாது."

முற்றத்து வெயிலில் வைத்தேன். இதைப் படிப்போர் அனைவர் முற்றத்திலும் அந்த வெயில் விழட்டும். உங்கள் வித்துகள் விழித்து, காய்த்து, பெருகட்டும்.