மாலுக்கு வெளியே இருக்கிற சாமி

நாங்கள் பாங்காக் போவது உறுதியானதும், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் பின்வாசல் வழியாக வந்தார். முன்வாசலில் வந்தால் அவர் கணவர் கண்ணில் படும். கையில் பழைய துண்டில் சுற்றிய சன்னபட்டணத்து மர யானை ஒன்று. சிவப்பு அரக்குப் பூச்சு, காலடியில் சக்கரங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த அம்மாள் தன் தம்பி குடும்பத்தோடு பாங்காக் போயிருந்தாராம். ஏதோ ஒரு மாலுக்கு வெளியே ஒரு சாமி. சுற்றிலும் ஜனங்கள் மர யானைகளை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மகளுக்குக் கரு தங்காமல் போய்க்கொண்டிருந்த சமயம் அது. "எம் பொண்ணுக்கு ஒரு கொழந்த தங்கட்டும், எங்க ஊரு யானை கொண்டாந்து வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். குழந்தை பிறந்துவிட்டது. ஞானஸ்நானமும் ஆயிற்று. அதிலிருந்து குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல். இந்த வயதில் வருவதுதான் என்கிறார் டாக்டர். அந்தச் சாமி ஞாபகப்படுத்துகிறது என்கிறார் அந்த அம்மாள். மூட்டு ஆபரேஷன் ஆனவர், அவரால் போக முடியாது. கணவரோ சர்ச் கமிட்டியில் இருக்கிறார். அவருக்குத் தெரியவே கூடாது.

"மாதா கோயிலுக்கு நீங்க எங்கிட்ட மெழுகுவத்தி குடுத்து அனுப்புறீங்க இல்லக்கா? அந்த மாதிரிதான்" என்றார் என் மனைவியிடம். அதற்குமேல் மறுக்க வழியில்லை.

நான் கர்நாடக வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒருவர் வேண்டிக்கொண்டதை இன்னொருவர் செலுத்தினால் செல்லுமா என்பது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. சொத்தை விற்க பவர் எழுதிக் கொடுக்கலாம். தாலி கட்ட பவர் கொடுக்க முடியாது. இது எந்த வகை? என் மனைவி யானையைத் தன் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடிவிட்டாள். அந்த விவாதம் அத்தோடு முடிந்தது. அந்தச் சாமி எந்தச் சாமி என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. ஓர் ஊரில் மாலுக்கு வெளியே எத்தனை சாமி இருந்துவிடப் போகிறது?

அரண்மனை, படுத்திருக்கும் புத்தர், ஆற்றுப் படகு எல்லாம் முடிந்து, கடைசி நாள் மதியம் எங்கள் பயணக் குழுவை நகர நடுவில் ஒரு சந்திப்பில் இறக்கிவிட்டார்கள். தலைக்கு மேலே ரயில் ஓடியது. கீழே மால்கள். ஒரு மால் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும், நடுவே நடைபாலம் போட்டு இணைத்தும் இருக்கிறார்கள். "சாயங்காலம் பஸ் இங்கயே பருத்தே சார், வந்ததும் அப்படியே ஏர்போர்ட்டு. லேட் மாட்பேடி, லேட் பண்ணாதீங்க" என்று குழுத் தலைவர் பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் எச்சரித்துவிட்டுப் போனார். மற்றவர்கள் கைப்பை வாங்க ஓடினார்கள். நாங்கள் யானை இருந்த பெட்டியை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கி உருட்டிக்கொண்டு சாமி தேடக் கிளம்பினோம்.

தேட வேண்டியதே இல்லை. முனையிலேயே தங்க நிறத்தில் நான்முகன் உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் தனிக் கோயில் கிடைக்காமல் இருப்பவருக்கு இங்கே மல்லிகை, சாமந்தி, ஊதுபத்திப் புகை, ஆட்டக்காரிகள் என்று ஏக மரியாதை. காலடியில் மர யானைகள். "ஆச்சு, வெச்சுடு" என்றேன். என் மனைவி பெட்டியைத் திறக்கவில்லை. கொஞ்சம் தள்ளிக் கைகாட்டினாள்.

அடுத்த கட்டடத்தின் வாசலில் பச்சை நிறத்தில் இன்னொருவர். கீழே இருந்த பெயர்ப் பலகையில் இந்திரன் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அவர் முன்னாலும் யானைகள், இன்னும் பெரிசு பெரிசாக. அதைத் தாண்டினால் ஒரு ஓட்டல் வாசலில் கருடன் மேல் பெருமாள். சாலைக்கு அந்தப் பக்கம், இருப்பதிலேயே பெரிய மாலின் முன்னால் பிள்ளையார். அவருக்குப் பக்கத்தில் மும்மூர்த்திகளும் ஒரே உருவமாக. எல்லாரும் மாலுக்கு வெளியேதான் இருந்தார்கள். மகாலட்சுமி ஒரு மாலின் மாடியில் இருக்கிறாள் என்றார்கள். லிஃப்டில் போக வேண்டும் என்பதால் அவளை மட்டும் நீக்கிவிட்டேன். அன்று என்னால் தெளிவாக எடுக்க முடிந்த முடிவு அது ஒன்றுதான்.

பூவாக இருந்தால் ஆளுக்கு ஒரு முழம் போட்டிருக்கலாம். இருப்பதோ ஒரே ஒரு யானை.

நடைபாதையிலேயே நின்று பெங்களூருக்கு வீடியோ கால் போட்டோம். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அந்த அம்மாள் எடுத்தார். மறுபடியும் காய்ச்சலாம். ராத்திரி முழுக்க அழுகையாம்.

நான் போனைத் திருப்பி நான்முகனைக் காட்டினேன். "இவரா பாருங்கம்மா?"

"இந்த மாதிரிதான் சார் இருந்துச்சு."

நடந்து போய் இந்திரனைக் காட்டினேன். "இல்ல இவரா?"

"இவரும் அந்த மாதிரிதான் இருக்காரு."

"தலை எத்தனை இருந்தது?"

"சாமி கும்பிடப் போனா தலையவா சார் எண்ணுவாங்க?"

"நிறமாவது? தங்கமா, பச்சையா?"

"நான் கண்ண மூடிட்டில்ல கும்பிட்டேன்! பாத்துக் கும்பிட்டா ஏசப்பா கோவிச்சுக்குவாரோன்னு பயம்."

என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்த மாலும்மா? அதையாவது சொல்லுங்க."

"ஏசி நல்லா இருந்துச்சு. எஸ்கலேட்டர் இருந்துச்சு." அப்புறம் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "உங்க சாமிதானே சார்? உங்களுக்கே தெரியாதா?"

எங்கள் சாமிகள்தான். ஆனால் விரலுக்கெல்லாம் நகப்பூச்சு மாதிரித் தங்கம் ஒட்டி, கூர்மையான கிரீடம் வைத்து, அந்த ஊர்ச் சாடையில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர்ப் பலகை இல்லாவிட்டால் இந்திரனை எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கும்பிட்டதும் இல்லை.

போனில் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. அந்த அம்மாளின் முகம் மாறியது. "ஆமாக்கா, அந்த செவப்பு பேக்கே எடுத்துக்குங்க, ஜிப் மட்டும் பாத்து வாங்குங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

நான் இரண்டு சன்னதிக்கும் நடுவில் நின்று வாதங்களை அடுக்கினேன். சிறிய யானை என்பதால் நான்முகன். யானைக்கும் இந்திரனுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது என்பதால் இந்திரன். குழந்தை வரம் என்று பார்த்தால் படைப்புத் தொழில் உள்ளவர்தான் பொறுப்பு. ஆனால் யானைச் சாடை என்று பார்த்தால் பிள்ளையாரையும் தள்ள முடியாது. என் மனைவி கேட்டுக்கொண்டே நின்றாள்.

"பஸ் வந்துரும்" என்றாள்.

"தப்பான எடத்துல வெச்சா வெக்காத மாதிரிதான்."

"கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தா மட்டும்? அங்க கொழந்தை அழுதுட்டிருக்கு."

பெட்டியைத் தரையில் படுக்க வைத்துத் திறந்து, புடவைகளை விலக்கி, யானையை எடுத்தாள். சன்னதி வாசலில் செருப்பைக் கழற்றினாள். அங்கே யாரும் கழற்றவில்லை. நான்முகனின் முன்னால் இருந்த கூட்டத்துக்குள் புகுந்து, மற்ற யானைகளுக்கு இடையில் அதை வைத்தாள். சக்கரம் இருந்ததால் அது மெல்ல உருண்டு விலகியது. ஒரு பூமாலையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். பிறகு கைகூப்பி, பக்கத்தில் நின்ற சீனர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னாள்:

"ரிச்சர்ட்ஸ் டவுன்லேர்ந்து வந்திருக்கு. உங்களுதுன்னா எடுத்துக்குங்க. இல்லேன்னா யாரோடதோ அவங்க கிட்ட நீங்களே சேத்துடுங்க. எங்களுக்குத் தெரியல. கொழந்தைய விட்ருங்க."

முகவரி தவறி வந்த மனுவை உரிய அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பது, பெற்ற அலுவலகத்தின் கடமை. மனுதாரரை அலைய விடக்கூடாது. இந்த விதியை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான்கு முகம் உள்ளவருக்கு அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதாவது தெரிந்திருக்கும். அப்படி நினைத்துக்கொண்டு நானும் கும்பிட்டேன். எந்த முகத்தைப் பார்த்துக் கும்பிடுவது என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

ஊர் திரும்பியபோது குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. டாக்டர் மருந்தையும் மாற்றியிருந்தார். அந்த அம்மாள் பின்வாசலில் வந்து நின்றார். குழந்தை அவர் இடுப்பில் இருந்தபடி என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

"சரியான சாமிகிட்டதானே சார் வெச்சீங்க?"

சரிபார்க்காமல் எதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சேர்ந்துடுச்சும்மா" என்றேன்.