துரும்பு கிள்ளியதற்குச் சாட்சி

எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்றுதான் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தேகமே வந்ததில்லை. கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து, சேர்ந்து வாழ முடியாது என்று நாங்கள் இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டார்கள். பிறகு ஒரு வைக்கோல் துரும்பை என் புருஷன் கையில் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியை என் கையில் போட்டார். "தீத்து விட்டாச்சு. இனி அவுக அவுக பாதையைப் பாத்துக்கங்க" என்றார் ஒருவர். அவ்வளவுதான். எங்கள் சாதியில் காலங்காலமாக நடந்து வந்த வழக்கம். துரும்பைக் கீழே போடலாமா கூடாதா என்று யாரும் சொல்லாததால் பஸ் ஏறும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

அடுத்த வருடமே அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான் மதுரைக்கு வந்து நர்ஸாக வேலை பார்த்தேன். அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருந்தவர், மனைவியை இழந்தவர், போன வருடம் என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. எனக்கு அவரை ரொம்ப நாளாகவே பிடித்திருந்தது.

கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் முந்தைய கல்யாணத்துக்குக் கோர்ட் தீர்ப்பு கேட்டார்கள். நான் துரும்பு விஷயத்தைச் சொன்னேன். அங்கே இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வெளியே வந்ததும், என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர், "எம்புட்டு நாளானாலும் நான் காத்திருப்பேன்" என்றார். அவர் காத்திருப்பார்தான். ஆனால் அவருடைய அக்கா வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டது எனக்குத் தெரியும்.

பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்று வார்டில் படுத்திருந்த ஒருத்தி சொல்லித்தான் கோர்ட்டுக்குப் போனேன். எனக்குக் கிடைத்தவர் என்னைவிட இளைய பெண். முழுதாகக் கேட்டுவிட்டு, ரெண்டு வழி இருக்கிறது என்றார்.

"நீங்களும் அவரும் சேர்ந்து பரஸ்பர விவாகரத்து கேக்கலாம். ஆனா இன்னைக்கு வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டின்னு மனுவுல எழுதணும். இல்லேன்னா, அன்னைக்கே வழக்கப்படி பிரிஞ்சாச்சு, அது செல்லும்னு கோர்ட்டைச் சொல்ல வைக்கணும். சட்டம் அதை ஒத்துக்கும். ஆனா அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நாமதான் நிரூபிக்கணும்."

முதல் வழி சுலபம். ஆனால் அந்த மனிதருக்கு நான் இன்னமும் பெண்டாட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட என்னால் ஆகாது. இரண்டாவதே போதும் என்றேன். பழைய புருஷனுக்குப் போன் செய்தபோது, "நீ என்ன வேணாலும் போட்டுக்க, நான் எதுத்துப் பேச மாட்டேன்" என்றார். இதைச் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஒரு தடவை சொல்லியிருந்தால் துரும்புக்கே வேலை இருந்திருக்காது.

எங்கள் இரண்டு பேர் வார்த்தை மட்டும் போதாதாம். இதேபோல் பிரிந்த வேறு ஆட்கள் வந்து சொல்ல வேண்டும். ஊருக்குப் போனேன். அன்றைக்கு உட்கார்ந்த பெரியவர்களில் உயிரோடு இருந்தது ஒருவர்தான். "துரும்பா? நம்ம ஊர்ல அப்படியெல்லாம் கெடையாதும்மா" என்றார். அவர் பேத்திக்கு மதுரையில் பெரிய இடத்துச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். விருந்தாளி வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே போடுவதுபோல் எல்லோரும் அந்த வழக்கத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒருத்தி. என் பழைய புருஷனின் இப்போதைய மனைவி. அவளை முதலில் கொட்டாம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்து, அங்கே துரும்பு கிள்ளித் தீர்த்துவிட்ட பிறகுதான் இவருக்குக் கட்டினார்கள். எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தாலும் பிடிக்காது.

"வராட்டி உன் கல்யாணமும் செல்லாமப் போயிரும்னு சொல்லுங்க, ஓடி வருவாங்க" என்றார் வக்கீல்.

அதைச் சொல்லத்தான் போனேன். கோரிப்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. யாரோ பிரித்துப் போட்டுவிட்டு வாங்காமல் போன சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, என்ன இம்புட்டுத் தூரம்?" என்று வெளியே கூட்டி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு மிரட்ட வாய் வரவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் என்னிடம் கெஞ்சுவதைப் பார்ப்பதைவிட நான் கெஞ்சிவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

"எனக்கு ஒரு கல்யாணம் கூடி வருது. நீ வந்து சொன்னாத்தான் நடக்கும்."

ரோட்டில் பஸ்கள் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எம் மகளுக்குத் தெரியாதுக்கா. காலேசுல படிக்கிறா. எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சுன்னே அவளுக்குத் தெரியாது. கோர்ட்டுல சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும்ல?"

"தெரிஞ்சு போயிரும்."

"பாக்குறேன்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வர மாட்டாள் என்று முடிவே செய்துவிட்டேன். அன்றைக்கு என் கோபத்தில் மாட்டாதவர்களே கிடையாது. காத்திருப்பேன் என்று சொன்ன மனிதருக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

விசாரணை நாளில் எனக்கு முன்பே வந்து கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். எதிர்த்தரப்பு என்று தனியே வந்திருந்த அவள் புருஷன் உள்ளே பின்சுவரில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டில் ஏறியதும் நீதிபதி கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். இன்ன ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், இன்ன கோயில் முன்னால் துரும்பு கிள்ளினார்கள், அதற்குப் பிறகுதான் இவரைக் கட்டினேன் என்றாள். உங்களுக்கு மட்டும்தானா என்று நீதிபதி கேட்டார். தன் சின்னம்மாவுக்கும் அத்தைக்கும் இப்படித்தான் தீர்த்து விட்டார்கள் என்றாள். கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி தெளிவான குரல். அவளைப் பிடிக்காமல் இருந்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூப்பிட்டேன், கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

துரும்பு கிள்ளிய நாளிலிருந்தே அந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பு வந்தது. எங்கள் கல்யாணம் பதிவானது. அன்று மத்தியானம் ஒரு சின்ன ஹோட்டலில் சாப்பாடு வைத்தோம். அவளைக் கூப்பிட்டிருந்தேன். மகளோடு வந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கை கழுவப் போனாள். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் அதே நெற்றி.

"கோர்ட்ல எங்கம்மா அழுதாங்களா, பெரியம்மா?" என்று கேட்டாள்.

என்னைப் பெரியம்மா என்று கூப்பிட யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

"இல்லைம்மா. கேட்டதுக்கெல்லாம் கணீர்னு பதில் சொன்னா."

அவள் அம்மா போன திசையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

"எங்கிட்டச் சொல்லும்போதுதான் அழுதாங்க."